திறந்த கதவும் உயர்ந்த வாசற்படியும்

(கலைப்பீடம், மூன்றாம் வருடம்)

1

1977 ஆம் ஆண்டு முதலாகத் "திறந்த பொருளாதாரம்" என்னும் தொடரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாடு இது. அக்கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குச் சாத்தியது என்னும் வினா இன்றும் ஓயவில்லை. இந்த அனுபவம் உள்ள நாம் "திறந்த" என்னும் அடைமொழியைத் தாங்கி வரும் எதனையும் சற்று நின்று நோக்கப் பழகியிருத்தல் வேண்டும். ஆயினும் கணினி உலகிலிருந்து "திறந்த மூல மென்பொருள்" என்னும் தொடர் வந்தபோது நம் பல்கலைக்கழக வட்டங்கள் அதனை ஐயுறாது ஏற்றுக்கொண்டன. அதன் நோக்கம் உயர்ந்தது. அதனை நான் மறுக்கவில்லை. மென்பொருளின் மூல நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் கொள்கை, அறிவைத் தனிச்சொத்தாக்கும் வணிக நிறுவனங்களுக்கு எதிராக எழுந்த முற்போக்கான கொள்கை என்பதில் ஐயமில்லை.

ஆனால் உரிமம் என்பது அனுமதி. அது அழைப்பு ஆகாது. கதவு திறந்திருக்கிறதே என்று எவரும் மணவீட்டுக்குட் புகுந்துவிடுவதில்லை. படலையடியில் ஒருவர் நின்று "வாருங்கோ" என்று அழைக்கவேண்டும். இருக்க ஓர் இடம் காட்டவேண்டும். பந்தி எங்கே நடக்கிறது என்று சொல்லவேண்டும். இவையெல்லாம் இல்லாதபோது திறந்த கதவு உறவினருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மட்டுமே திறந்த கதவாகும். ஏனையோருக்கு அது பார்த்துக்கொண்டு கடந்துபோகும் ஒரு வெளிச்சம்.

மருத்துவத் துறைக்கென எழுந்த திறந்த மூலத் திட்டங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, அது புதியவர்களை எவ்வாறு வரவேற்கிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். "இது கணினிப் பொறியியலாளரின் விடயம், கலைப்பீட மாணவனுக்கு இங்கு என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவே நோயின் அறிகுறி என்பதைக் கட்டுரையின் போக்கிற் காட்டுவேன்.

2

ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்பது நோயாளர் பதிவேடுகளைப் பேணுவதற்கான திறந்த மூல மென்பொருள். 2004 ஆம் ஆண்டில் அது தொடங்கியது. கென்யாவின் எல்டோரெட் நகரில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் இணைந்து எச்.ஐ.வி. நோயாளருக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தன. நோயாளர் தொகை பெருகியபோது, முன்பு அமைத்திருந்த சிறிய தரவுத்தளம் அதனைத் தாங்கவில்லை. இந்தியானாபொலிசிலுள்ள ரீகன்ஸ்ட்ரீப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்களான பேர்க் மம்லின், போல் பியொன்டிச் ஆகியோர் புதியதோர் அமைப்பை வரையத் தலைப்பட்டனர். பொஸ்டனை மையமாகக் கொண்ட பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் தென்னாபிரிக்க மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் அவர்களுடன் கைகோத்தன. 2006 ஆம் ஆண்டில் கென்யா, ருவாண்டா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் இம்மென்பொருள் செயற்படத் தொடங்கிற்று. பின்னர் எயிற்றியின் மிர்பலே மருத்துவமனை முதல் உகண்டாவின் கிராமச் சிகிச்சை நிலையங்கள் வரை அது பரவியது. இந்தியாவின் சத்தீஸ்கரிற் கனியாரி என்னும் ஊரிலுள்ள மருத்துவமனையொன்றின் தேவையிலிருந்து உருவான "பாமினி" என்னும் மென்பொருளும் இதன்மீதே கட்டப்பட்டது.

இவ்வரலாறு மதிப்புக்குரியது. வறிய நாட்டு நோயாளிக்கும் ஒழுங்கான பதிவேடு வேண்டும், அதற்காக அந்நாடு உரிமக் கட்டணம் செலுத்தித் தேயக்கூடாது என்னும் கொள்கையைச் சொல்லோடு விடாது செயலிற் காட்டிய திட்டம் இது. இதனை நான் தேர்ந்தெடுத்தமைக்கும் அதுவே காரணம். மோசமான திட்டம் ஒன்றைக் குறைகூறுதல் எளிது. அதனாற் பயனும் இல்லை. சிறந்ததன் குறையிலிருந்தே அத்துறையின் குறையை அறியமுடியும்.

புதியவர்களின் வருகை இத்திட்டத்துக்கு ஓர் அலங்காரமன்று; உயிர்நாடி. காரணத்தை அண்மைய வரலாறே கூறும். இம்மென்பொருளின் தேசிய வடிவங்களிற் சில, குறிப்பாகக் கென்யாவிற் பயன்படும் கென்யா ஈ.எம்.ஆர்., பெருமளவுக்கு அமெரிக்க அரசின் எச்.ஐ.வி. ஒழிப்பு நிதியினால் வளர்ந்தவை. 2025 ஜனவரியில் அந்த அரசு வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்திவைத்தது. அவ்வாண்டு யூலை முதலாந் திகதியுடன் யூ.எஸ்.எய்ட் நிறுவனம் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. நிதி போகும்போது சம்பளத்துக்கு வந்த நிபுணரும் போவர். பதிவேடு மட்டும் போகாது, நோயாளியும் போகமாட்டார். மாதந்தோறும் மருந்துக்கு வரும் அவருடைய பெயர் அக்கணினியில் இருக்கும். அக்கணினி பழுதுபட்டால் அதன் உட்புறத்தை அறிந்தவர் அந்த ஊரில் உள்ளாரா? இவ்வினாவுக்கான விடை, பத்தாண்டுகளுக்கு முன்னர் அந்த ஊரிலிருந்து வந்த ஒரு புதியவரை அத்திட்டம் எவ்வாறு வரவேற்றது என்பதிலேயே தங்கியிருந்தது.

3

இனி வாசற்படிகளை நோக்குவோம். அவை மூன்று.

முதலாவது, தொழினுட்பப் படி. ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸின் அடித்தளம் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஸ்பிரிங், ஹைபர்னேற் என்னும் கட்டமைப்புக்களும் மை எஸ்.கியூ.எல். தரவுத்தளமும் அதனோடு சேர்ந்தவை. அதன்மேல் நூற்றுக்கணக்கான கூறுகள் பொருத்தப்பட்டுள்ளன. பிற்காலத்து மூன்றாம் பதிப்பின் முகப்போ வேறொரு மொழியில், வேறொரு மரபில் எழுதப்பட்டது. ஆகவே திரையில் ஒரு பொத்தானின் பெயரைத் திருத்த விரும்பும் மாணவரும், தன் கணினியில் இவற்றையெல்லாம் இறக்கி, நிறுவி, இயக்கிப் பார்க்கவேண்டும். புதிய கணினியும் தடையற்ற இணைப்பும் உள்ளவருக்கு இது ஒரு மாலைப் பொழுதின் வேலை. இரவல் மடிக்கணினியும் கைப்பேசித் தரவும் கொண்டு முயல்பவருக்கு இது ஒரு வாரம். செலவோ ஒரு மாதத்து உணவுக் காசின் ஒரு பகுதி. தொழினுட்பம் சிக்கலானது என்பதற்காக எவரையும் குறைகூற முடியாது. நோயாளர் பதிவேடு சிக்கலானதே. ஆனால் அச்சிக்கலை யார் சுமக்கின்றார் என்பது சமூக வினா. உள்ளே இருப்பவர் ஒருமுறை சுமந்து படியைத் தாழ்த்தலாம். அன்றேல் வெளியே இருப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியே அதனைச் சுமக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. இத்திட்டத்தார் தம்மிடையே நிரலாளரைப் படிநிலைகளாக வகுத்தபோது, முதற்படியில் நிற்கும் புதியவருக்கு "டெவ் நல்" என்று பெயரிட்டனர். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் அப்பெயர் ஒரு வெறுமையைக் குறிக்கும். அதனுள் எதனைப் போட்டாலும் சுவடின்றி மறைந்துபோகும். இது நிரலாளர் வட்டத்து நகைச்சுவை என்பதை அறிவேன். எவரையும் புண்படுத்த எண்ணிச் செய்ததன்று என்பதையும் அறிவேன். ஆயினும் நகைச்சுவை என்பது உள்ளே இருப்போரின் மொழி. அதன் பொருள் விளங்குபவர் ஏற்கெனவே பாதி உள்ளே வந்தவர். விளங்காதவர் சிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பல்கலைக்கழகத்தில் முதல் வாரத்தைக் கழித்த எவருக்கும் இந்நிலையை நான் விளக்கவேண்டியதில்லை. புதியவரை "வெறுமை" என்று வேடிக்கையாக அழைப்பதும், முதலாம் வருட மாணவரை வேடிக்கையாக அழைப்பதும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்கள்.

இரண்டாவது, காலமும் கவனமும் பற்றிய படி. எத்திறந்த மூலத் திட்டத்திலும் புதியவர் அனுப்பும் திருத்தத்தை அனுபவமுள்ளவர் ஒருவர் பார்த்து ஏற்கவேண்டும். பார்க்கக்கூடியவர் சிலர், அவர்களுட் பெரும்பாலோர் ஏதோவொரு நிறுவனத்தின் சம்பளத்தில், அந்நிறுவனத்தின் அவசரத்துக்காக உழைப்பவர்கள். ஆகவே நிதி வழங்குவோருக்குத் தேவையான திருத்தம் விரைவிற் பார்வை பெறும். ஊர் பேர் தெரியாத மாணவரின் திருத்தம் வரிசையிற் காத்திருக்கும். இங்கு தீயவர் எவரும் இல்லை. உழைப்பு எங்கிருந்து ஊதியம் பெறுகிறதோ அத்திசையிற் கவனம் ஓடுகின்றது, அவ்வளவே. கூட்டங்களின் நேரமும் இத்தகையதே. இந்தியானாபொலிசிற் காலை பத்து மணி என்றால் நைரோபியில் மாலை ஐந்தோ ஆறோ ஆகும். நம் நாட்டில் இரவு ஏழரையோ எட்டரையோ ஆகும். பகலெல்லாம் சிகிச்சை நிலையத்தில் நின்ற தாதி அந்நேரத்தில் எவ்வாறு வந்து பேசுவார்?

மூன்றாவது படியே மிக உயரமானது. ஆனாற் கண்ணுக்குப் புலப்படாதது. அதனைத் தனியே நோக்குவோம்.

4

"நிரல் எழுதுங்கள், உயிர் காப்பாற்றுங்கள்" என்பது இத்திட்டம் நெடுங்காலமாகத் தாங்கிவந்த முழக்கம். கேட்போரை எழுச்சியூட்டும் முழக்கம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அது யாரை நோக்கி எழுப்பப்பட்டது? நிரல் எழுதத் தெரிந்தவரை நோக்கியே. உயிர் காக்கும் பெருமையும் அவருக்கே சூட்டப்படுகின்றது. படிவத்தை நிரப்பும் எழுதுவினைஞர், நாடி பார்க்கும் தாதி, மருந்தை ஊர்மொழியில் விளக்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோருக்கு அம்முழக்கத்தில் இடமில்லை. வாசலிலேயே ஒரு பலகை தொங்குகின்றது. அதில் ஒரு தொழிலின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றது.

இதில் உள்ள முரண்பாடு யாது? இம்மென்பொருளின் நெஞ்சாக விளங்குவது நிரலன்று, ஓர் அகராதி. "கருத்து அகராதி" என்று அதனை அழைக்கலாம். இரத்த அழுத்தம், நிறை, காய்ச்சல், ஒவ்வொரு நோய், ஒவ்வொரு மருந்து, படிவத்தின் ஒவ்வொரு கேள்வி, அதற்குரிய ஒவ்வொரு விடை ஆகிய யாவும் அவ்வகராதியிற் கருத்துக்களாகப் பதியப்படுகின்றன. ஒவ்வொரு கருத்துக்கும் பல மொழிகளிற் பெயர் இடலாம். ஒத்த சொற்கள் தரலாம். குறும்பெயரும் வரைவிலக்கணமும் தரலாம். நிரலை மாற்றாமல், அகராதியை விரித்தே ஒரு புதிய நோய்க்கு அல்லது புதிய சிகிச்சை நிலையத்துக்கு இம்மென்பொருளைப் பொருத்தலாம் என்பதே அதன் ஆக்கியோரின் தலைசிறந்த கண்டுபிடிப்பு. கொலம்பியாப் பல்கலைக்கழகச் சூழலிற் பிறந்த சீல் அகராதி பல நாடுகளிற் பொதுவாகப் பயன்படுகின்றது.

சொல்லுக்குப் பொருள் காணுதல், ஒத்த சொற்களை வேறுபடுத்தல், வட்டார வழக்கை அறிதல் ஆகியவை யாருடைய தொழில்? மொழி பயில்வோரின் தொழில். ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டிற் "சின்னமுத்து" என்றால் ஒரு நோய். தமிழ்நாட்டிற் "சின்னம்மை" என்றால் வேறொரு நோய். அங்கே தட்டம்மை எனப்படுவதே இங்கே சின்னமுத்து. அங்கே சின்னம்மை எனப்படுவதே இங்கே கொப்புளிப்பான். சொற்களின் ஒலி ஒற்றுமையை நம்பி ஒருவர் இரண்டையும் ஒத்த சொற்களாக அகராதியில் ஏற்றிவிட்டால், தடுப்பூசிப் பதிவு பிழைக்கும். செங்கண்மாரியும் மஞ்சட்காமாலையும் ஒன்றே என்பதையும், "தொய்வு" என்று கிழவர் சொல்வது எதனை என்பதையும், "சலரோகம்" என்று தாய்மார் சொல்வதும் "நீரிழிவு" என்று பாடநூல் சொல்வதும் ஒன்றே என்பதையும் இயந்திரம் தானாக அறியாது. யாரோ ஒருவர் சொல்லவேண்டும். ஒரு சிறந்த நிரலாளர் ஓராண்டு முயன்றும் காணமுடியாத இப்பிழையை, ஊர்வழக்கு அறிந்த ஒரு மாணவி ஒரு பிற்பகலிற் காண்பாள். ஆனால் வாசலிற் பலகையை வாசித்துவிட்டு அவள் திரும்பிப் போய்விடுகின்றாள். வரவேற்பு என்பது வந்தவரிடம் காட்டும் புன்னகையில் மட்டும் இல்லை. யாரை வரக்கூடியவர் என்று முன்கூட்டியே எண்ணுகின்றோம் என்பதில் அது தொடங்குகின்றது.

5

இக்கூற்றுக்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும். அவற்றைத் தட்டிக்கழித்தல் முறையன்று.

முதல் வாதம்: "மருத்துவ மென்பொருள் பயிலுநர் கைபோட்டுப் பழகும் களமன்று, ஒரு பிழை ஓர் உயிரைக் குடிக்கும். ஆகவே வாசற்படி உயர்ந்திருத்தலே அறம்." இவ்வாதத்தின் பாதியை நான் முழுமனத்துடன் ஏற்கின்றேன். நிரலை ஏற்கும் இடத்திற் கடுமை வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடும் வரியை நான்கு கண்களேனும் பார்க்கவேண்டும். ஆனாற் கடுமை நிரலுக்கே உரியது. அதனை மனிதர்மேல் ஏற்றுதல் குழப்பம். மருத்துவ பீடம் முதலாம் வருட மாணவரிடம் சத்திரசிகிச்சைக் கத்தியைக் கொடுப்பதில்லை. ஆனால் அவரை வாசலில் நிறுத்துவதும் இல்லை. விடுதியும் விரிவுரையும் வழிகாட்டியும் கொடுத்து, ஆண்டுதோறும் ஒரு படி ஏற்றுகின்றது. மேலும் ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸின் உரிமத்திலேயே, மொசில்லா பொது உரிமத்தோடு, மருத்துவப் பயன்பாடு குறித்த ஒரு பொறுப்புத் துறப்பும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆக்கியோர் பொறுப்பைத் தாம் சுமக்கவில்லை, பயன்படுத்துவோரே சுமக்கின்றனர். பொறுப்பைச் சுமப்பவருக்கு உள்ளே நுழைந்து கற்கும் வழியை எளிதாக்காமல் விடுவது எவ்வகை அறம்?

இரண்டாவது வாதம்: "புதியவர்கள் தம் தகைமைப் பட்டியலுக்கு ஒரு வரி சேர்க்கவே வருகின்றனர், சேர்ந்ததும் மறைகின்றனர். அவர்களுக்குச் செலவிடும் நேரம் வீண்." இது நம்மைச் சுடும் வாதம், சுடுதல் நியாயமே. கூகிள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் ஓப்பன் எம்.ஆர்.எஸ். 2007 முதற் பங்குகொண்டது. அத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகமாக நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் விளங்கியது. இது பெருமைக்குரிய செய்தி. ஆனால் நாம் கொண்டாடியது தெரிவானோர் தொகையை மட்டுமே. அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் அதே திட்டத்தில் நின்றார்கள் என்று எவ்விழாவிலும் எவரும் கேட்டதாக நான் அறியேன். திருத்தவேண்டிய எழுத்துப்பிழை ஒன்றைத் தேடி, அதனைத் திருத்தி, எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆயினும் குற்றத்தைப் பங்கிடும்போது நேர்மை வேண்டும். கோடை என்னும் பெயரே மேலைநாட்டுப் பல்கலைக்கழக விடுமுறையிலிருந்து வந்தது. நம் பரீட்சைக் காலம் அதனோடு ஒத்துப்போவதில்லை. 2022 இல் மாணவரல்லாதாருக்கும் அக்கதவைத் திறந்தமை நன்றே. ஆனால் சில மாதங்களுக்குள் முடியும் ஒரு பணி, முடிந்ததும் ஒரு தொகை என்று வரையறுத்து அழைத்தால், சில மாதங்களுக்குரிய மனிதரே வருவர். கூலிக்கு அழைத்துவிட்டு உறவு நிலைக்கவில்லை என்று வருந்துவதிற் பொருளில்லை.

மூன்றாவது வாதம்: "நீர் சொல்வதற்கு மாறாக, உள்ளே வந்து உயர்ந்தவர்கள் இருக்கின்றார்களே!" உண்மை. உகண்டாவிலிருந்து வந்து மைய நிரலையே பராமரிக்கும் நிலைக்கு உயர்ந்தோர் உள்ளனர். ருவாண்டாவில் உள்ளூர் இளைஞருக்கு இம்மென்பொருளில் முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. புதியவருக்கெனத் தனியே குறிக்கப்பட்ட எளிய பணிகளும் உள்ளன. பல வணிக நிறுவனங்களும் திறந்த மூலத் திட்டங்களும் இவ்வளவும் செய்வதில்லை. ஆனால் இவ்வெடுத்துக்காட்டுக்கள் என் வாதத்தை மறுக்கின்றனவா, வலியுறுத்துகின்றனவா? உயர்ந்தோர் பின்னே நெடுநாள் வழிகாட்டிய ஒரு கையோ, முறையான ஒரு வகுப்போ இருந்தது. திறந்த உரிமம் மட்டும் அவர்களை உயர்த்தவில்லை. வழிகாட்டல் இருந்த இடத்தில் வந்தோர் நின்றனர் எனின், அதனை விதியாக்காது தற்செயலாக விட்டுவைப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

6

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் இன்னொரு திறந்த மூல மருத்துவ மென்பொருளின் வரலாறு, நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994 இற்குப் பிந்திய தென்னாபிரிக்காவிலே தொடங்கியது. நோர்வேயின் ஒஸ்லோப் பல்கலைக்கழகம் அதனை வளர்த்துவருகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவத் தகவலியல் பயின்ற நம் மருத்துவர்கள் பலர் அம்மென்பொருளைக் கற்றனர். அவர்கள் தொழில்முறை நிரலாளர் அல்லர். நிரல் எழுதாமலே படிவங்களையும் குறிகாட்டிகளையும் அமைக்க அம்மென்பொருள் இடந்தந்தது. 2020 ஜனவரியிற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிப்பதற்கான ஓர் அமைப்பைச் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து அதன்மீது அவர்களும் அவர்களது தோழர்களும் சில நாட்களில் உருவாக்கினர். அதனை அடியாகக் கொண்டு ஒஸ்லோ வெளியிட்ட வடிவத்தைப் பின்னர் பல நாடுகள் ஏற்றுப் பயன்படுத்தின. நேற்றுப் படிக்க வந்தவர் இன்று உலகுக்குக் கொடுப்பவரானார். ஆண்டுக்கணக்கான கற்பித்தல் அதற்கு முன்னே நடந்திருந்தது. அங்கும் யாவும் செம்மை என்று நான் கூறவில்லை. மைய நிரல்பற்றிய முடிவுகள் இன்றும் ஒஸ்லோவிலேயே பெரிதும் எடுக்கப்படுகின்றன. ஆனால் நிரலாளரல்லாத ஒருவரை எண்ணி ஒரு வாசல் அமைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அது போதிய சான்று.

இன்னும் பின்னே செல்வோமாயின், 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீனை எண்ணலாம். மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அதற்கெனக் கலைச்சொற்களைத் தேடினார். அவர் மிஷனரி என்பதும் அவருடைய நோக்கங்கள் கலப்பானவை என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் புதியவர் தம் மொழியை வாசலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அம்மருத்துவ நூலை ஆக்கியோரில் மருத்துவரும் இருந்தனர். தமிழ் அறிந்தோரும் இருந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இயன்ற இக்கூட்டுழைப்பு, செய்தி நொடியிற் செல்லும் இக்காலத்தில் இயலாது என்று எவர் கூறுவர்?

7

ஆகவே ஒரு மருத்துவத் திறந்த மூலத் திட்டத்தின் வரவேற்பை மதிப்பிடுவோர் "எத்தனை பேர் வந்தனர்?" என்று கேட்பதை விடுத்து வேறு வினாக்களைக் கேட்கவேண்டும். புதியவரின் முதற் கேள்விக்கு எத்தனை நாளில் விடை கிடைத்தது? விடை கூறியவர் யார்? வந்தோருள் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் நின்றனர்? மென்பொருள் எந்நாடுகளிற் பயன்படுகின்றதோ அந்நாடுகளைச் சேர்ந்தோருள் எத்தனை பேர் முடிவெடுக்கும் இடத்தில் உள்ளனர்? ஒரு தாதியின் முறைப்பாடு நிரலாளரின் பணிப்பட்டியலை அடைய எத்தனை கை மாறவேண்டும்? ஆங்கிலம் சரளமாக அறியாத ஒருவர் செய்யக்கூடிய வேலை ஒன்றேனும் வாசலில் வைக்கப்பட்டுள்ளதா? இவ்வினாக்களுக்கான விடைகளை ஆண்டுதோறும் எண்ணி வெளியிடும் திட்டமே திறந்த திட்டம் என்னும் பெயருக்கு உரியது. ஏனையவை திறந்த நிரலை உடையவை, அவ்வளவே.

ஓப்பன் எம்.ஆர்.எஸ். திட்டத்தார் செய்யக்கூடியது அரிதன்று. அகராதிப் பணியைப் புதியவரின் முதற்பணிகளுள் ஒன்றாக வைக்கலாம். நிரல் அறியாதாருக்கும் நிரலாளருக்கு நிகரான படிநிலைகளும் முடிவெடுக்கும் உரிமையும் வழங்கலாம். புதியவரை வழிநடத்தும் உழைப்பை நிரலெழுதும் உழைப்புக்கு ஒப்பாக மதித்து, நிதிக் கோரிக்கைகளிலே அதற்குப் பங்கு கேட்கலாம். இவையாவும் நிரலில் ஒரு வரியையும் மாற்றாது செய்யத்தக்கவை.

நம் கடமை இதனினும் அணித்தானது. நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவ பீடமும் கலைப்பீடமும் பொறியியற் பீடமும் ஒரே வளாகத்திலோ, ஒரு பஸ் பயணத் தொலைவிலோ உள்ளன. ஆயினும் மருத்துவச் சொற்களின் ஊர்வழக்கைத் தொகுக்கும் ஒரு கூட்டுக் குழுவை நாம் அமைக்கவில்லை. பொறியியல் மாணவர் தனியே கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கின்றார். தமிழ் மாணவர் தனியே சொல்லாராய்ச்சிக் கட்டுரை எழுதுகின்றார். மருத்துவ மாணவர் நோயாளியின் சொல் விளங்காது தனியே தடுமாறுகின்றார். பிறருடைய வாசற்படி உயரம் என்று கூறும் நாம் நம் பீடங்களுக்கிடையே எழுப்பியுள்ள மதில்களையும் அளக்கவேண்டும். இத்தமிழ்ச் சங்கமே இவ்வாண்டு அத்தகைய ஒரு குழுவைத் தொடக்கலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

என் அம்மம்மா மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கொப்பியைப் பொலித்தீன் பையிற் சுற்றிக் கொண்டுபோவார். பல ஆண்டுகளாக அவருடைய உடலைப் பற்றி எழுதப்பட்டவை அதில் உள்ளன. அவற்றில் ஒரு வரியும் அவர் வாசிக்கக்கூடியதன்று. ஒருநாள் அக்கொப்பி கணினிக்குட் போகும். அக்கணினியின் மென்பொருள் திறந்த மூலமாக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அவர் "தொய்வு" என்று சொல்லும்போது அச்சொல் அங்கே இருக்குமா என்பதை உரிமம் தீர்மானிக்காது. அச்சொல்லை அறிந்த ஒருவரை அத்திட்டத்தார் உள்ளே அழைத்தார்களா, அவர் போனாரா என்பவையே அதனைத் தீர்மானிக்கும்.